நீரிழிவாளரும் வருமுன் காக்கும் குளிசையும்

நோய் வந்தபின் மருந்துண்ணுதல் எவர்க்கும் இயல்பு. நோவு மருந்தைத் தேடச் செய்கின்றது. நோவு தீர்தல் மருந்தின் பயனைக் காட்டுகின்றது. ஆயின், நோவு யாதுமில்லாத ஒருவரிடம், என்றோ வரக்கூடிய மாரடைப்பைத் தடுத்தற்பொருட்டு இன்றுதொட்டு நாடோறும் ஒரு குளிசை உட்கொள்ளுமாறு வைத்தியர் கூறின், அவர் திகைப்பது வியப்பன்று. அக்குளிசையை உண்பதால் உடலில் நலம் எதுவும் தோன்றுவதில்லை. உண்ணாது விடினும் மறுநாட் கேடு எதுவும் தோன்றுவதில்லை. நீரிழிவுடையோர் பலர் இன்று எதிர்கொள்ளும் நிலை இதுவேயாகும். ஸ்ரற்றின் என்னும் மருந்தினத்தை வருமுன் காப்பாக ஏற்பதா, மறுப்பதா என்பதை அவர்கள் எவ்வாறு துணிவது? அத்துணிவுக்கு வேண்டிய செய்திகளை முறைப்படுத்திக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். முன்னரே மாரடைப்போ பாரிசவாதமோ உற்றோர்க்கு இம்மருந்து வேண்டப்படுவது என்பது மருத்துவ உலகில் நிலைபெற்ற கொள்கை. ஆதலின் அவர்களைப் பற்றி ஈண்டு ஆராய வேண்டியதில்லை.

நீரிழிவு என்றவுடன் நாம் சர்க்கரையையே நினைக்கின்றோம். ஆயின் இரண்டாம் வகை நீரிழிவாளரின் உயிரைக் கவர்வனவற்றுள் முதன்மையானவை இதயநோயும் பாரிசவாதமுமே. குருதியிற் சர்க்கரை மிகுந்திருத்தல் நாடிகளின் உட்சுவரைப் பழுதாக்குகின்றது. கொலஸ்திரோலைச் சுமந்து செல்லும் கொழுப்புப்புரதத் துணிக்கைகள் அச்சுவரினுட் புகுந்து படிகின்றன. அப்படிவு ஒருநாள் வெடிக்க, அவ்விடத்திற் குருதி உறைந்து வழி அடைபடுகின்றது. இதயத்தில் நிகழின் அது மாரடைப்பு. மூளையில் நிகழின் பாரிசவாதம். "எனக்குக் கொலஸ்திரோல் சரியாகத்தானே இருக்கின்றது?" என்று சிலர் வினவுவர். நீரிழிவாளரிடத்து அத்துணிக்கைகள் அளவிற் சிறியனவாயும் செறிந்தனவாயும் அமைதல் உண்டு. ஆகவே, பரிசோதனைத் தாளிற் காணும் எண் மிகாதிருப்பினும் இடர் நீங்கியது எனக் கொள்ளலாகாது.

இனி, இம்மருந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். யப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ ஏறத்தாழ ஆறாயிரம் வகைப் பங்கசுகளைச் சோதித்து, 1973 ஆம் ஆண்டில், பெனிசீலியம் இனப் பங்கசு ஒன்றிலிருந்து முதலாவது ஸ்ரற்றினைக் கண்டறிந்தார். ஈரல் கொலஸ்திரோலை ஆக்குதற்கு வேண்டிய நொதியம் ஒன்றினை அப்பொருள் தடுக்கின்றது. ஆக்கம் குறைந்த ஈரல், தன் தேவையை நிறைவுசெய்யும் பொருட்டுத் தன் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளைப் பெருக்கி, குருதியிலிருந்து கொலஸ்திரோலை ஈர்த்துக்கொள்கின்றது. இவ்வாங்கிகளின் இயல்பைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர்களாகிய பிரௌன், கோல்ட்ஸ்ரீன் என்போர் 1985 இல் நோபல் பரிசு பெற்றனர். 1987 இல் லோவாஸ்ரற்றின் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுப் பொதுவழக்கிற்கு வந்தது.

கொலஸ்திரோல் குறைதல் வேறு. மாரடைப்புக் குறைதல் வேறு. பின்னையதே நாம் வேண்டுவது. இதயநோய் வாராத நீரிழிவாளரை மட்டுமே கொண்டு இதனை ஆராய்ந்தது, 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த 'காட்ஸ்' என்னும் ஆய்வு. ஐக்கிய இராச்சியத்திலும் அயர்லாந்திலும் 40 முதல் 75 வயது வரையுள்ள 2838 பேர் இதிற் பங்குபற்றினர். நீரிழிவோடு உயர் குருதியமுக்கம், புகைபிடித்தல், கண்ணின் விழித்திரைப் பாதிப்பு, சிறுநீரிற் புரதம் என்பவற்றுள் ஒன்றேனும் உடையோர் இவர்கள். கொலஸ்திரோல் மிகுந்தோர் அல்லர். ஒரு சாரார்க்கு நாடோறும் 10 மில்லிகிராம் அற்றோவாஸ்ரற்றினும், மறு சாரார்க்கு அதனையொத்த வெற்றுக் குளிசையும் வழங்கப்பட்டன. பயன் தெளிவாகப் புலப்பட்டமையால் ஆய்வு குறித்த காலத்துக்கு இரண்டாண்டு முன்னரே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ நான்காண்டுகளில், வெற்றுக் குளிசை உண்ட 1410 பேருள் 127 பேர் மாரடைப்பு, பாரிசவாதம் முதலியவற்றுக்கு ஆளாயினர். மருந்துண்ட 1428 பேருள் 83 பேரே ஆளாயினர்.

இவ்வெண்களை இருவகையாகக் கூறலாம். இடர் நூற்றுக்கு 37 பங்கு குறைந்தது என்பது ஒருவகை. நூறு பேருள் ஒன்பதின்மர்க்கு வரவேண்டியது அறுவர்க்கே வந்தது என்பது மற்றொருவகை. இரண்டும் உண்மையே. ஆயின் முன்னையது கேட்போர் மருந்தை அமுதம் என மயங்குவர். பின்னையது கேட்போர் உண்மை நிலையை உணர்வர். அந்நூறு பேருள் 91 பேர் மருந்துண்ணாவிடினும் அந்நான்காண்டுகளில் நோயுறார், அறுவர் மருந்துண்டும் நோயுறுவர், மூவரே காக்கப்படுவர். அம்மூவர் யாவர் என முன்னறிய வல்லார் எவருமிலர். மூவர் தாமே எனத் தள்ளுதலும் தகாது. காக்கப்படுவது உயிராகலாம், கையும் காலும் நாவும் ஆகலாம். மேலும், ஆண்டுகள் செல்லச்செல்ல இப்பயன் பெருகும். 2008 இல் வெளியான தொகுப்பாய்வொன்று 14 ஆய்வுகளிலிருந்து 18,686 நீரிழிவாளரின் தரவுகளை ஒருங்குசேர்த்தது. கெட்ட கொலஸ்திரோல் லீற்றருக்கு ஒரு மில்லிமோல் குறையுந்தோறும் பெருங்குருதிக்கலன்களின் கேடுகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைதலை அது காட்டியது.

இதனால் விளங்குவது யாது? மருந்து குறைக்கும் விகிதம் யாவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆயின் அதனாற் பெறும் பயன் அவரவரது தொடக்க இடரைப் பொறுத்தது. புகைபிடிக்கும் அறுபது வயதினர்க்கு வரும் பயன் பெரிது. நீரிழிவு அண்மையிற் கண்ட முப்பது வயதினர்க்கு அது மிகச் சிறிது. எனவே, "ஸ்ரற்றின் நல்லதா?" என்பதன்று கேட்கத்தக்க வினா, "என் இடர் எவ்வளவு?" என்பதே முதல் வினா. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 40 முதல் 75 வயது வரையுள்ள நீரிழிவாளர்க்கு இதனைப் பொதுவாகப் பரிந்துரைக்கின்றது. ஐக்கிய இராச்சியத்தின் வழிகாட்டலோ இரண்டாம் வகை நீரிழிவாளரின் பத்தாண்டு இடரைக் கணித்து, அது நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேற்படின் மருந்தை வழங்குமாறு கூறுகின்றது. உலக சுகாதார நிறுவனமும் 2019 இல் உலகை 21 பிரதேசங்களாக வகுத்து இடர் அட்டவணைகளை வெளியிட்டுள்ளது. இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. 'காட்ஸ்' ஆய்விற் பங்குபற்றியோர் பெரும்பாலும் வெள்ளையர். இலங்கை உட்பட்ட தென்னாசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் ஏனைய நாடுகளில் ஏறத்தாழ 59 வயதிலும் வருதலை 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே நாற்பதைக் கடந்த நம்மவர் இவ்வினாவைப் பிற்போடுதல் நன்றன்று.

இனி, தீங்குகளை ஆராய்வாம். தசைநோவே பலரும் அஞ்சுவது. இருசாரார்க்கும் தாம் உண்பது மருந்தோ வெற்றுக் குளிசையோ எனத் தெரியாத ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2022 இல் ஆராய்ந்தபோது, தசைநோவு கூறியோர் மருந்துண்டவருள் ஆயிரத்துக்கு 271 பேர். வெற்றுக் குளிசை உண்டவருள் 266 பேர். 2020 இல் இலண்டன் அறிஞர் நடாத்திய ஆய்வு இன்னும் வியப்பானது. பக்கவிளைவால் மருந்தைக் கைவிட்ட 60 பேர், சில மாதம் மருந்தும் சில மாதம் வெற்றுக் குளிசையும் சில மாதம் யாதுமின்றியும் இருந்து, நாடோறும் தம் உபாதையை நூற்றுக்கு மதிப்பிட்டனர். குளிசையில்லா மாதங்களில் அது 8. வெற்றுக் குளிசை உண்ட மாதங்களில் 15.4, மருந்துண்ட மாதங்களில் 16.3. அவர்கள் உற்ற நோவு பொய்யன்று. அதன் பெரும்பகுதி மருந்துப்பொருளால் வந்ததன்று என்பதே முடிபு. எனினும் உண்மைத் தீங்குகளும் உள. கடுந்தசைச் சிதைவு மிக அரிதாயினும் கொடியது. பொறுக்கவொண்ணாத நோவும் கருநிறச் சிறுநீரும் கண்டால் உடனே வைத்தியரை நாடல் வேண்டும். இம்மருந்து குருதிச் சர்க்கரையைச் சிறிது உயர்த்தவும் வல்லது. நீரிழிவில்லாதார் 255 பேர் நான்காண்டு உண்ணின் அவருள் ஒருவர் மேலதிகமாக நீரிழிவாளர் ஆவர் என 2010 இல் கணிக்கப்பட்டது. முன்னரே நீரிழிவுடையோர்க்கு அவ்வுயர்வு பெரும்பாலும் சிறிதே. இதயத்துக்கு வரும் நன்மை அதனை விஞ்சுகின்றது. கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் இதுபற்றி வைத்தியரோடு முன்னரே பேசுதல் இன்றியமையாதது. வேறு மருந்துகளோடு இது முரணுமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

குளிசை உண்கின்றோம் என்னும் துணிவிற் புகையையும் மிகையுணவையும் தொடர்வார், ஒரு கதவை அடைத்து மறு கதவைத் திறந்து வைப்போரை ஒப்பர். புகை நீக்கல், நடை, குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்தல் என்பன மருந்தோடு சேர வேண்டியன; மருந்தால் ஈடுசெய்யப்படுவன அல்ல.

இதனை எழுதுவோனும் நாற்பதைக் கடந்த நீரிழிவாளனே. வைத்தியர் எழுதித் தந்த துண்டு ஆறு திங்கள் என் மேசை இழுப்பறையிற் கிடந்தது. நோயில்லாத இதயத்துக்கு மருந்து ஏன் என்பது என் வாதம். ஐம்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பால் மறைந்த என் தந்தையாரின் நினைவு அவ்வாதத்தை எதிர்த்து நின்றது. அச்சத்தால் மறுத்தேன் என்பதையும், அச்சத்தாலேயே ஏற்பதும் தகாதென்பதையும் பின்னர் உணர்ந்தேன். வைத்தியரிடம் மீண்டுஞ் சென்று என் இடர் எவ்வளவு, மருந்தால் அஃது எவ்வளவு குறையும், தீங்கு வரின் யாது செய்வது என்னும் மூன்று வினாக்களைக் கேட்டேன். விடைகளை எடைபோட்டு மருந்தை ஏற்றேன். அவ்விடைகளையே கேட்டு வேறொருவர் மறுப்பாராயின், அதுவும் அறிந்து செய்த துணிவேயாகும். அவரைப் பேதையர் எனல் பொருந்தாது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நாற்கூறுகளைத் தொகுத்துரைக்குமிடத்து நோயுற்றவனையே முதலில் வைத்து, வைத்தியனையும் மருந்தையும் அவன்பின் நிறுத்துகின்றது. அவ்வைப்புமுறை இவ்வினாவுக்கு மிகப் பொருந்தும். கணிப்பு வைத்தியருடையது, ஆற்றல் மருந்தினுடையது, அறிந்து துணிதல் நீரிழிவாளரின் கடன்.