கூரையில்லாக் காரை விற்கும் முன்: துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

மாணவர்களே, ஈஜோக் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் 1960களில் வந்த மோரிஸ் மைனர் கார் ஒன்று பல ஆண்டுகளாகத் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணிக் கூரையைப் பின்னால் மடித்துத் திறந்துவிடக்கூடிய வகை அது. வீட்டார் அதை விற்க முடிவு செய்துவிட்டார்கள். "முதலில் புதுச் சாயம் அடிப்போம், நல்ல விலை வரும்" என்கிறார் அண்ணன். "வேண்டாம், கிடக்கிறபடியே காட்டுவோம்" என்கிறார் தம்பி.

யார் சொல்வது சரி? வியாபாரம் தெரியாவிட்டாலும் இதற்கு விடை காணலாம். படிவம் 5 வேதியியலில் வரும் துருப்பிடித்தல் பாடமும் கொஞ்சம் இயற்பியலும் போதும்.

எது இந்தக் கார்?

மோரிஸ் மைனர் 1948 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் வந்த புகழ்பெற்ற மினி காரும் இவருடைய படைப்புதான். மைனர் 1970களின் தொடக்கம் வரை உற்பத்தியானது; மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல். மலாயாவின் சாலைகளிலும் அது பழக்கமான சிறு கார்.

கூரை திறக்கும் வகை அந்த 16 லட்சத்தில் ஒரு சிறு பங்குதான். அதன் உற்பத்தி 1969இல் நின்றது. குறைவாக இருப்பதால் கிராக்கி அதிகம். பழுதான நிலையில்கூட வாங்கிச் சீரமைக்க ஆள் உண்டு. ஆனால் கூரை இல்லாததாலேயே இந்தக் காருக்கு ஒரு பலவீனமும் உண்டு.

கூரை என்ன வேலை செய்கிறது?

லாரி போன்ற வாகனங்களில் கீழே தனியாக ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். உடல் அதன்மேல் உட்காரும். மைனரில் அப்படி இல்லை. தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தப் பெட்டியே எலும்புக்கூடாக வேலை செய்கிறது. மூடிய பெட்டி வளையாது, முறுக்கிக்கொள்ளாது.

இப்போது கூரையை எடுத்துவிடுங்கள். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 2.18 மீட்டர் தூரம். நடுவில் ஆட்கள் உட்காரும் எடையைத் தாங்கக் கூரை இல்லை. அந்தப் பாரம் முழுவதும் தரைக்கும், கதவுக்குக் கீழே நாம் கால் வைத்து ஏறும் இடத்தில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிக்கும் போகிறது. மெக்கானிக்குகள் இதை 'சில்' என்பார்கள். இதனால்தான் திறந்த மைனரில் கூடுதல் தகடுகள் வைத்துத் தொழிற்சாலையிலேயே வலுப்படுத்தினார்கள்.

துரு முதலில் கடிப்பதும் இந்தச் சில்லைத்தான். சாலைத் தண்ணீரும் சேறும் கீழிருந்து அடிக்கும். உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும்.

துரு எப்படி வேலை செய்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். ஈரமான இரும்பின் ஓர் இடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாக இன்னோர் இடத்துக்குப் போய், அங்கே உயிர்வளியோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. இரண்டு அயனிகளும் சந்தித்து, மேலும் உயிர்வளி சேர்ந்து, செம்பழுப்புத் துருவாகின்றன. ஒரு சின்ன மின்கலம் எப்படி வேலை செய்கிறதோ அதே கதைதான்.

மின்கலத்துக்கு மின்பகுளி வேண்டும் அல்லவா? உப்பு அந்த வேலையைச் செய்கிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வீசும் காற்று உப்புத் துகள்களைச் சுமந்து வருவதால், ஜெராம், கோல சிலாங்கூர் போன்ற கரையோர ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. உள்ளே இருக்கும் தோட்டங்களும் தப்பவில்லை. செம்பனைக்கு இடும் பொட்டாசியம் குளோரைடு உரமும் ஓர் உப்புதான். உர மூட்டை அடுக்கிய ஸ்டோருக்குள் கார் நின்றிருந்தால், கடற்கரையில் நின்றதற்குச் சமம்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினால் துருப்பிடித்தல் வேகமெடுக்கும். நம் நாட்டில் அது பெரும்பாலான நேரம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. தார்ப்பாய் மழையைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் மண் தரையிலிருந்து எழும் நீராவியை அது உள்ளேயே பிடித்துவைக்கிறது. இரவில் தகடு குளிரும்போது அந்த நீராவி துளித்துளியாகப் படிகிறது. காற்றோட்டமுள்ள சிமெண்டுத் தரைக் கொட்டகையில் மூடாமல் நிற்கும் கார், மண் தரையில் இறுக மூடிய காரைவிட நன்றாகவே இருக்கும்.

தண்ணீர் புகும் இன்னொரு வழி கதவையும் கண்ணாடியையும் சுற்றியுள்ள ரப்பர். இங்கே நம் தோட்டங்களின் கதையும் வருகிறது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு கார்கள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. சிலாங்கூரின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. பால் மரம் சீவ நம் முன்னோர் வந்தார்கள். ஆனால் பதப்படுத்திய ரப்பரையும் காற்றிலுள்ள ஓசோன் விடுவதில்லை. அது ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. ரப்பர் வெடித்த இடத்தில் மழைநீர் இறங்கித் தரைக் கம்பளத்தை நனைக்கும். கம்பளம் மாதக்கணக்கில் ஈரத்தைத் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கும்.

சாயம் எதை மறைக்கும்?

துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. வெளியே ஒரு காசு அளவு கொப்புளம் என்றால், உள்ளே சேதம் பெரும்பாலும் அதைவிடப் பெரிது.

ஓட்டையில் புட்டியை அப்பி, தேய்த்து, மேலே சாயம் அடித்தால் கண்ணுக்குப் புதுக் கார்தான். ஆனால் புட்டி பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. சிறு பள்ளத்தை நிரப்பலாம், பாரம் தாங்காது. சில்லில் புட்டி நிரப்பிய திறந்த காரை ஓட்டினால் நடுப்பகுதி மெல்லத் தொய்யும். கதவு இடுக்கின் மேல்பக்கம் நெருங்கும், கீழ்பக்கம் விரியும், கதவு சிக்கிக்கொள்ளும். விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய எலும்புக்கூடு நொறுங்கிப்போகும். தம்பி 'கிடக்கிறபடியே காட்டுவோம்' என்றது இதனால்தான் சரி. அண்ணன் சொன்ன சாயத்தை நம்பி வாங்குகிறவர் பணத்தோடு உயிரையும் பணயம் வைக்கிறார்.

துருவின்மேல் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதும் உண்டு. அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். போன இரும்பைத் திருப்பித் தராது. ஓட்டை விழுந்த சில்லை வெட்டிவிட்டுப் புதுத் தகட்டைத்தான் பற்றவைக்க வேண்டும். வெட்டும் முன் உடல் வளையாதபடி உள்ளே குறுக்குக் கம்பிகள் கொடுத்து இறுக்குவார்கள். பிறகு துத்தநாகம் கலந்த அடிச்சாயம் பூசலாம். லயத்து வீடுகளின் ஜிங்க் கூரை நீண்ட நாள் உழைப்பதும் இதே காரணத்தால்தான்: துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை இழக்கும், தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

விற்பவர் செய்ய வேண்டியவை

1. காரைக் கழுவித் துடைத்தால் போதும். சாயம் வேண்டாம். தெரியும் உலோகம்தான் வாங்குபவருக்குத் தேவையான தகவல்.

2. சில், தரை, கதவுத் தூணின் அடிப்பகுதி ஆகியவற்றைப் படமெடுத்துக் காட்டுங்கள். அடியில் பார்க்கக் காரைத் தூக்குவது மெக்கானிக்கின் வேலை. ஜேக்கை மட்டும் நம்பி யாரும் கீழே நுழையக் கூடாது. துருப்பிடித்த சில் ஜேக் இருக்கும் இடத்திலேயே உடையக்கூடும்.

3. இயந்திர எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் எண்ணோடு வரும் எழுத்துகளை வைத்து, அது தொழிற்சாலையிலேயே திறந்த காராகச் செய்யப்பட்டதா, பின்னால் யாரோ கூரையை அறுத்ததா என்று விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள். அறுத்த காரில் அந்தக் கூடுதல் தகடுகள் இருக்காது.

4. எண் பொறித்த இடத்தைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. உரிமை மாற்றத்தின்போது புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையத்தில் இந்த எண்களைத்தான் பார்ப்பார்கள்.

5. "ஓடும், எடுத்துப் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. பல ஆண்டுகள் நின்ற காரின் பிரேக் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்திருக்கலாம். லாரியில் ஏற்றி அனுப்புவதே பாதுகாப்பு.

6. கழன்ற பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள். பெயர் எழுதிப் பைகளில் போட்டுக் கொடுங்கள். பழைய கண்ணாடிச் சட்டமும் கூரையின் இரும்புக் கம்பிகளும் எளிதில் கிடைக்காதவை.

செய்து பாருங்கள்

சோதனை 1: ஒரு காலணிப் பெட்டியை மூடி, மூடியைச் சுற்றிலும் நாடாவால் ஒட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு மீண்டும் முறுக்குங்கள். அடுத்து, திறந்த பெட்டியின் நீளமான பக்கங்களில், தரையோடு சேரும் விளிம்பை ஒட்டி இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு முறுக்குங்கள். மூன்று நிலைகளிலும் என்ன வேறுபாடு?

சோதனை 2: குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கதவுக்கும் காந்தத்துக்கும் இடையே ஒவ்வொரு தாளாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எத்தனையாவது தாளில் காந்தம் விழுகிறது? தூரம் கூடக்கூடக் காந்தவிசை வேகமாகக் குறையும். தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே புட்டி இருந்தாலும் இதுதான் நடக்கும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வீட்டார் அனுமதியோடு உங்கள் வீட்டுக் காரின் கதவு ஓரங்களில் நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடம் இருந்தால், அது புட்டியா அல்லது தொழிற்சாலையிலேயே பொருத்திய பிளாஸ்டிக் பாகமா என்று எப்படி உறுதிசெய்வீர்கள்? வகுப்பில் நண்பர்களோடு பேசி முடிவெடுங்கள்.