ஆரஞ்சு நாளில் எங்கே தூங்குவது?

கேரவனில் கேரளம் சுற்றக் கிளம்புகிறவர் தலைக்கு மேலிருக்கும் மேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. மலை, அணை, இரவுப் புழுக்கம் மூன்றையும் கணக்கிட வேண்டும்.

ஷூட்டிங் இடைவேளையில் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் கேரவன் நமக்கு அறிமுகம். அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கும் உரியதாக்க நினைத்த கேரள அரசு, 2021இல் 'கேரவன் கேரளா' என்ற கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமனில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. படுக்கை, சமையல் மேடை, கழிவறை, ஏ.சி. எல்லாம் சக்கரத்தின் மேல். அறை தேடி அலைய வேண்டாம்; பிடித்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம்.

சிக்கல் அங்கேதான். ஹோட்டலை எங்கே கட்டுவது என்பதை யாரோ முன்பே தீர்மானித்திருப்பார்கள். கேரவன் பயணியோ இரவுக்கு இடம் எது என்பதைத் தினமும் மாலையில் தானே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு வானிலை அறிவு அவசியம்.

முதலில் காலண்டர். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும். செப்டம்பர் வரை நீடிக்கும். அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். பிற்பகலில் கருத்து, மாலையில் இடி மின்னலோடு கொட்டும். இந்த மாதங்களில் காலையில் ஓட்டி, மதியம் 2 மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பயணத்துக்கு ஏற்ற காலம். மார்ச் முதல் மே வரை வெயில். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது.

அடுத்தது நிறம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. மழைக்கான மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் ஏறக்குறைய இந்தப் படிகளையே குறிக்கின்றன. கேரள அணைகளுக்குத் தனி வரிசை உண்டு: நீலம், ஆரஞ்சு, சிவப்பு. அது நீர்மட்டத்தைச் சொல்வது. 'ஆரஞ்சு' என்று காதில் விழுந்தால் மழைக்கா, அணைக்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரில் தூறல்கூட இல்லாத நாளில் அணை திறக்கப்படலாம். 2018 ஆகஸ்ட்டில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு, செறுதோணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது பெரியாற்றங்கரையே அதிர்ந்தது. ஆற்றோர மணல்திட்டு படம் எடுக்க அழகான இடம். இரவு தங்க அல்ல.

நிறம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு வயநாடு சாட்சி. 2024 ஜூலை 29 அன்று அந்த மாவட்டத்துக்கு இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை. 30ஆம் தேதி விடியுமுன் மலையுச்சியில் சரிந்த மண், ஆற்றின் வழியே பல கிலோமீட்டர் பாய்ந்து முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்தது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2020 ஆகஸ்ட்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் புதைந்த தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பில் 70 பேர் பலியாயினர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இரண்டு சரிவுகளும் நிகழ்ந்தது இரவில்.

எனவே இன்றைய மழையோடு கடந்த இரண்டு மூன்று நாள் மழையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஊறிப்போன சரிவுக்கு இன்னும் கொஞ்சம் மழை போதும். வெயில் எட்டிப்பார்த்துவிட்டது என்பதற்காக ஆபத்து நீங்கிவிடுவதில்லை. தெளிந்த ஓடை திடீரென்று கலங்குவது, அல்லது வற்றிப்போவது, தரையில் புது வெடிப்பு, சாயும் மரங்கள் இவையெல்லாம் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் அறிகுறிகள். பெருமழை நாட்களில் இடுக்கி மலைச்சாலைகளில் மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்தைத் தடை செய்வது வழக்கம். தடை வரும்வரை காத்திராமல் மாலைக்குள் சமவெளிக்கு இறங்கிவிடலாம். சாலையை வெள்ளம் கடந்தால் திரும்பிவிடுங்கள். சுமார் 60 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்கிறவர்களுக்குக் காற்றும் ஒரு கணக்கு. பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் பருவமழை மாதங்களில் காற்று குவிந்து வீசும். காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதே அதற்கு அடையாளம். உயரமான, தட்டையான பக்கங்கள் கொண்ட கேரவனை அது பாய்மரம் போலத் தள்ளும். வேகத்தைக் குறைத்து, லாரிகளை முந்தும் ஆசையை அடக்க வேண்டும்.

மழையில்லாத இரவிலும் ஓர் ஆபத்து உண்டு. கடலோரத்தில் இரவு வெப்பம் 27 டிகிரிதான் என்றாலும் ஈரப்பதம் அதிகம்; வியர்வை உலராது. தகரப் பெட்டிக்குள் ஏ.சி. இல்லாமல் தூக்கம் வராது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஏ.சி.க்கு ஜெனரேட்டர் வேண்டும். 2024 டிசம்பரில் வடகராவில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவர் விழிப்பதில்லை.

புழுக்கம் கடுமையாக இருக்கும் என்று தெரிந்தால் மின் இணைப்பு தரும் பூங்காவில் தங்குங்கள். இல்லாவிட்டால் இரவைக் கழிக்க உயரமான, காற்றோட்டமான ஊரைத் தேடுங்கள், மழை நாளாக இல்லாதவரை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்தாத வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

மாலை 4 மணிக்கு மூன்று கேள்விகள் போதும். மலைமேல் எவ்வளவு பெய்தது? மேலே அணை இருக்கிறதா, அதன் நிறம் என்ன? இரவில் ஜெனரேட்டர் ஓடவேண்டியிருக்குமா? ஒன்றுக்காவது திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், சக்கரங்கள் இருப்பது அதற்காகத்தான்: வெளிச்சம் இருக்கும்போதே வேறு இடம் பாருங்கள்.