கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவில்: ஷிபுயா நிலையம் இடம் மாறிய கதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

ஒரு பெரிய ஊர். அதோட முக்கியமான ரயில் நிலையம் பழசாயிடுச்சு, இடமும் பத்தல. புதுசு கட்டியே ஆகணும். ஆனா வேற இடம் கிடையாது, அதே இடத்துலதான் கட்டணும். தினமும் 20 லட்சம் பேருக்கு மேல அந்த நிலையம் வழியா போறாங்க. ஒரு வருஷம் மூடி வைக்க முடியாது, ஒரு மாசம்கூட முடியாது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

டோக்கியோவுல இருக்கிற ஷிபுயா நிலையத்துக்கு வந்த பிரச்சனை இதுதான். நாலு பக்கமும் ஒரே நேரத்துல ஜனங்க ரோட்டைக் கடக்கிற அந்தப் பெரிய கிராஸிங்கை வீடியோவுல பார்த்திருப்பீங்க இல்லையா, அதுக்கு எதிர்லதான் இந்த நிலையம் இருக்கு. அங்க கட்டடத்தை மாத்தினதைவிட, தண்டவாளங்களை மாத்தினதுதான் எனக்குப் பெரிய விஷயமா படுது. அதைப் பத்திதான் இந்த எபிசோட்.

பள்ளத்தாக்குல ஒரு நிலையம்

முதல்ல அந்த இடத்தைப் புரிஞ்சுக்கணும். ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பேரை எழுதுற எழுத்துலயே 'பள்ளத்தாக்கு' இருக்கு. இதனால ஒரு விசித்திரம் நடக்குது. 1938-ல் ஷிபுயாவுக்கு வந்த கின்சா லைன் ஒரு சுரங்க ரயில். ஆனா ஷிபுயாவுல அது நிக்கிற இடம் மூணாவது மாடி! (ஜப்பான்ல தரைத்தளத்தையே முதல் மாடின்னு எண்ணுவாங்க.) ரயில் மேல ஏறல, தரைதான் கீழ இறங்கிடுச்சு.

இதோட, நகரத்தை வட்டமா சுத்தி வர்ற யமனோதே லைன், அதுக்குப் பக்கத்துல சைக்யோ லைன், உயரப் பாலத்து மேல டோயோகோ லைன், கீழே இன்னும் சில சுரங்க ரயில்கள். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துல, கிடைச்ச இடத்துல வந்து ஒட்டிக்கிட்டது. உதாரணமா, சைக்யோ லைன் 1996-ல் ஷிபுயாவுக்கு வந்தப்போ இடமே இல்லை. அதனால யமனோதே பிளாட்ஃபார்ம்லேர்ந்து சுமார் 350 மீட்டர் தெற்கே தள்ளி அதுக்கு பிளாட்ஃபார்ம் போட்டாங்க. ரயில் மாற நினைக்கிறவங்க அவ்வளவு தூரம் நடக்கணும். இதையெல்லாம் பிரிச்சு மறுபடி அடுக்கணும், ரயிலையும் நிறுத்தக் கூடாது. அதுதான் வேலை.

ஒரே ராத்திரியில் நடந்தது

இதுல ரொம்பப் பிரபலமானது டோயோகோ லைன் மாற்றம். 1927-லேர்ந்து ஷிபுயாவுல ஓடுற லைன் இது. யோகோஹாமாவுலேர்ந்து வந்து ஷிபுயாவுல முடிஞ்சிடும். பாலத்து மேல நாலு தண்டவாளம், அதுக்கப்புறம் போக வழி இல்லை, முட்டுச்சந்து.

இதைத் தரைக்குக் கீழே அஞ்சாவது தளத்துக்குக் கொண்டு போகணும்னு முடிவாச்சு. அங்க 2008-லேயே ஃபுகுடோஷின்னு ஒரு சுரங்க ரயில் திறந்தாச்சு. டோயோகோவும் வந்து சேரணும்னுதான் அந்த நிலையத்தையே கட்டினாங்க. சேர்ந்துட்டா, ஷிபுயாவுக்கு வடக்கே இருக்கிற சைதாமா பக்கத்துலேர்ந்து தெற்கே யோகோஹாமா வரைக்கும் இறங்காம ஒரே ரயில்ல போகலாம்.

ஆனா பாலத்து மேல ஓடுற ரயிலை எப்படி பூமிக்குள்ள இறக்குறது? ஷிபுயாவுக்கு முந்தின ஸ்டேஷன் டைகன்யாமா. அங்கேர்ந்து சரிவா இறங்குற ஒரு புதுப் பாதை வேணும். பக்கத்துல காலி நிலம் கிடையாது, எல்லாம் வீடும் கடையும். அதனால ஓடிக்கிட்டிருக்கிற தண்டவாளத்துக்கு நேர் கீழேயே புதுப் பாதையைக் கட்டினாங்க.

இது எப்படி சாத்தியம்? கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இதுதான் மொத்த விஷயத்தோட சாவி. சாதாரணமா தண்டவாளத்தைத் தாங்குறது கீழே இருக்கிற ஜல்லியும் மண்ணும். மண்ணைத் தோண்டினா தண்டவாளம் தொங்கிடும். அதனால முதல்ல, ராத்திரி ரயில் நின்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமா, தண்டவாளத்துக்கு அடியில இரும்பு கர்டர்களைச் சொருகுறாங்க. இப்போ தண்டவாளம் மண்ணை நம்பி இல்லை. தற்காலிகமான ஒரு பாலத்து மேல நிக்குது. இனிமே அடியில தோண்டலாம், சுரங்கம் கட்டலாம், மேல ரயில் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். உள்ள உக்காந்து போன் பார்த்துக்கிட்டிருக்கிறவருக்குத் தன் கால்களுக்குக் கீழே பெரிய பள்ளம் இருக்குன்னே தெரியாது.

இப்படிப் பல வருஷம் வேலை நடந்தது. கடைசியில மிச்சம் இருந்தது ஒரே ஒரு விஷயம்: பழைய பாதையைத் துண்டிச்சு, புதுப் பாதையோட சேர்க்கணும்.

2013 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. பழைய நிலையத்துக்கு விடை கொடுக்க கேமராவோட பெரிய கூட்டம். நள்ளிரவு தாண்டி கடைசி ரயில் போச்சு. உடனே சுமார் 1,200 பேர் தண்டவாளத்துல இறங்கினாங்க. டைகன்யாமா பக்கத்துல சில இடங்கள்ல பழைய கர்டர்களைக் கிரேன் வச்சுத் தூக்கி எடுத்தாங்க. சில இடங்கள்ல தண்டவாளத்தோட சேர்த்து அப்படியே கீழே இறக்கி, புதுச் சரிவோட பொருத்தினாங்க. கையில இருந்தது சுமார் மூன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலையில முதல் ரயில் சுரங்கத்துக்குள்ள இறங்கிப் போச்சு.

இந்த வீடியோவைப் பார்த்துட்டு எல்லாரும் 'ஒரே ராத்திரியில முடிச்சுட்டாங்க'ன்னு ஆச்சரியப்படுறாங்க. எனக்கு அப்படித் தோணல. ராத்திரி முடிச்சது கடைசி முடிச்சை மட்டும்தான். அதுக்கு முன்னாடி பல வருஷம், யாரும் கவனிக்காத ராத்திரிகள்ல, கர்டர் கர்டரா செஞ்ச வேலைதான் அந்த மூன்றரை மணி நேரத்தைச் சாத்தியமாக்கிச்சு.

காலண்டரும் ஒரு கருவிதான்

எல்லாத்தையும் ஒரு ராத்திரியில முடிக்க முடியாது. அப்போ என்ன பண்றது? எப்போ மூடினா குறைவான பேருக்குக் கஷ்டம்னு பார்க்கணும்.

கின்சா லைன் பிளாட்ஃபார்மை 130 மீட்டர் கிழக்கே நகர்த்த, அதை ஷிபுயாவுல 2019 டிசம்பர் 28 முதல் ஜனவரி 2 வரைக்கும் நிறுத்தினாங்க. ஜப்பான்ல அது புத்தாண்டு விடுமுறை, ஆபீஸ் கூட்டம் இருக்காது. ஜனவரி 3-ஆம் தேதி புது பிளாட்ஃபார்ம் திறந்தாச்சு. அதே வருஷம் மே மாசக் கடைசியில ஒரு வார இறுதி. சைக்யோ லைனோட அந்த 350 மீட்டர் நடையை ஒழிச்சாங்க. ஜூன் 1-லேர்ந்து அதோட பிளாட்ஃபார்ம் யமனோதேக்குப் பக்கத்துலயே வந்துடுச்சு.

யமனோதே லைன்ல வேற மாதிரி ஒரு சௌகரியம் இருந்தது. அது வட்டப் பாதை. ஒரு திசையை நிறுத்தினாலும் இன்னொரு திசையில சுத்திப் போய்ச் சேரலாம். அதனால 2021 அக்டோபர்ல ஒரு திசையை மட்டும் நிறுத்தி ஒரு பக்கத்து பிளாட்ஃபார்மை அகலமாக்கினாங்க. 2023 ஜனவரி 7, 8-ல் எதிர்த்திசையை நிறுத்தி, அந்தத் தண்டவாளத்தையும் அதே பிளாட்ஃபார்மோட மறுபக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. ரெண்டு குறுகலான பிளாட்ஃபார்ம் இருந்த இடத்துல, இப்போ ரெண்டு திசைக்கும் சேர்த்து ஒரே அகலமான பிளாட்ஃபார்ம். அதே வருஷம் நவம்பர்ல இன்னொரு வார இறுதி, கீழே ஜனங்க நடக்க இடம் வேணும்னு தண்டவாளத்தையே உயர்த்தினாங்க.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

இவ்வளவும் கேட்டா எல்லாருக்கும் நல்லதே நடந்த மாதிரி இருக்கும். அப்படி இல்லை.

டோயோகோ பாலத்து மேல இருந்தப்போ, அதுலேர்ந்து இறங்கி யமனோதேக்குப் போறது சுலபம். ரெண்டும் தரைக்கு மேலதான் இருந்தது. 2013-க்கு அப்புறம்? பூமிக்குள்ள அஞ்சு தளம் கீழேர்ந்து ஏறி, மறுபடி மேல போகணும். எஸ்கலேட்டர், மறுபடி எஸ்கலேட்டர், நடுவுல வழி தெரியாத திருப்பங்கள். தினமும் அங்க ரயில் மாறுறவங்க புலம்பினாங்க, அது நியாயம்தான். நேரா போறவங்களுக்கு நேரம் மிச்சம், மாறிப் போறவங்களுக்குக் கூடுதல் நேரம். வயசானவங்களுக்கும் லக்கேஜ் தூக்கிட்டுப் போறவங்களுக்கும் அது இன்னும் கஷ்டம்.

இன்னொரு பக்கம், ரயில் கீழே போனதும் மேல இருந்த இடம் காலியாச்சு. நகரத்தோட நட்டநடுவுல, தங்கத்துக்குச் சமமான நிலம். பழைய டோயோகோ நிலையம் இருந்த இடத்துல 2018-ல் ஷிபுயா ஸ்ட்ரீம்னு ஒரு உயரமான கட்டடம் வந்தது: ஆபீஸ், ஹோட்டல், கடைகள். டோயோகோ லைனை ஓட்டுற டோக்கியு, ரியல் எஸ்டேட்லயும் பெரிய ஆள், இந்தக் கட்டடத்துலயும் அவங்கதான் முன்னணி. தண்டவாளத்தை நகர்த்துறது போக்குவரத்து முடிவு மட்டும் இல்லை, நில முடிவும்கூட. இதைத் தப்புன்னு நான் சொல்லல. நிலத்துலேர்ந்து வர்ற வருமானம் ரயிலையும் தாங்குது. ஆனா ஒரு ஊர்ல ஸ்டேஷன் புதுசாகுதுன்னா, மேல வரப்போற கட்டடத்தோட படத்தை மட்டும் பார்க்காதீங்க. 'இந்த ரயில்லேர்ந்து அந்த ரயிலுக்கு மாற இப்போ எத்தனை நிமிஷம், அப்புறம் எத்தனை நிமிஷம்?' இதைக் கேளுங்க. ஸ்டேஷன்ங்கிறது கட்டடம் இல்லை, அந்த நிமிஷங்கள்தான்.

ஷிபுயாவுக்குப் போறவங்க ஒரு விஷயம் பார்க்கலாம். ஷிபுயா ஸ்ட்ரீம்லேர்ந்து ஆத்தோரமா தெற்கே போற நடைபாதையில, பழைய டோயோகோ தண்டவாளத்தோட அடையாளத்தைத் தரையிலயே விட்டு வச்சிருக்காங்க. 85 வருஷத்துக்கும் மேல ரயில் ஓடின தடத்துல இப்போ ஜனங்க காபி கையில வச்சுக்கிட்டு நடக்கிறாங்க.

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க ஊர்ல தினமும் ரயில் மாறுற ஸ்டேஷன் எது, மாற எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.