லிச்சி: இனிப்புப் பழமும் இரவுச் சோறும்

மே மாதம் பாதி கழிந்ததும் மும்பைப் பழக் கடைகளில் கொத்துக் கொத்தாக ஒரு சிவப்புப் பழம் வந்து குவிகிறது. தோல் சொரசொரப்பாக இருக்கும். நகத்தால் கீறினால் சட்டென்று உரிந்து வரும். உள்ளே நுங்கு போன்ற வெள்ளைச் சதை. நடுவில் பழுப்பு நிறக் கொட்டை. அதுதான் லிச்சி.

நம் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், "இது என்ன பழம்? நம் பக்கம் கிடைப்பதில்லையே!" என்று கேட்பது உண்டு. கேள்வி நியாயமானது. லிச்சி எல்லா ஊரிலும் காய்த்துவிடாது.

குளிர் வேண்டும்

லிச்சியின் தாயகம் தென் சீனா. நம் பூந்திக்கொட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பர்மா வழியாக இந்தியாவுக்கு வந்தது. கடக ரேகையை ஒட்டிய நாடுகள் இதற்கு ஏற்றவை. அங்கே கோடையில் நல்ல வெயில் உண்டு. குளிர் காலத்தில் நல்ல குளிரும் உண்டு. ஆனால் பனி உறைந்து மரத்தைக் கொல்லும் அளவுக்குக் குளிர் போவதில்லை. இதைத்தான் மித வெப்ப மண்டலம் என்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் குளிரும் வறட்சியும் இருந்தால்தான் லிச்சி மொட்டு வைக்கும். குளிர் போதாவிட்டால் பூவுக்குப் பதிலாகத் தளிர்தான் விடும். சென்னை போன்ற ஊர்களில் இதை வைத்தால் நிழல் கிடைக்கும். பழம் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற இடம் மலைச்சரிவுதான். ஊட்டி மலை ரயில் ஏறும் கல்லாறு, பர்லியாறு பகுதியில் உள்ள அரசுப் பழப்பண்ணைகளில் லிச்சி மரங்கள் உண்டு.

முசாபர்பூரின் பெருமை

இந்தியாவில் லிச்சி என்றால் பீகாரின் முசாபர்பூர்தான். புடி கண்டக் ஆற்றங்கரையில் உள்ள ஊர் இது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண் லிச்சிக்கு நன்றாக ஒத்துப்போகிறது. மணம் மிகுந்த ஷாஹி ரகம் முதலில் பழுக்கும். பின்னால் சைனா ரகம் வரும். ஷாஹி லிச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேசிய லிச்சி ஆராய்ச்சி மையமும் 2001 முதல் இந்த ஊரில்தான் இயங்குகிறது.

பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும்போது தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளோடு தோப்புக்கு வந்துவிடுவார்கள். லிச்சித் தேனுக்குத் தனி மணம். மே மாதத்தில் 'லூ' என்னும் அனல் காற்று வீசினால் மட்டும் விவசாயிக்கு வயிற்றில் புளி கரைக்கும். பழத்தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்துக்கு விலை இல்லை.

ரயிலோடு ஓட்டம்

மாம்பழத்தைக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்கலாம். லிச்சி அப்படி அல்ல. பறித்த பின் பழுக்காது. மரத்தில் பழுத்ததைத்தான் பறிக்க வேண்டும். பறித்த இரண்டு, மூன்று நாட்களில் சிவப்புத் தோல் பழுப்பாகிவிடும்.

அதனால்தான் லிச்சியின் கதை எப்போதும் அவசரக் கதை. 8-ம் நூற்றாண்டில் சீனச் சக்கரவர்த்தி ஒருவர், தன் காதலிக்காகக் குதிரைகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு லிச்சி கொண்டுவரச் செய்தாராம். இன்று குதிரையின் வேலையை ரயில் செய்கிறது. பவன் எக்ஸ்பிரசில் சீசன் நாட்களில் லிச்சிக்கென்று பார்சல் பெட்டி இணைப்பது வழக்கம். சுமார் ஒன்றரை நாளில் மும்பை வந்துவிடும். பார்சல் பகுதியில் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு இது தெரியும்: மற்ற சரக்கு காத்திருக்கும்; லிச்சி காத்திருக்காது.

தோப்பு ஓரத்துக் குழந்தைகள்

இந்தப் பழத்தோடு ஒரு துயரமும் சேர்ந்து வருகிறது. 1995 முதல் முசாபர்பூர் வட்டாரத்தில், லிச்சி பழுக்கும் நாட்களில் ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு நோய் கண்டது. இரவு நன்றாகப் படுத்த குழந்தைக்கு விடியற்காலையில் வலிப்பு வரும். நினைவு தப்பும். 'சம்கி' என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். 2014-ல் அங்குள்ள 2 ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தார்கள்.

கிருமியா, பூச்சி மருந்தா என்று பலரும் தேடினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் டாக்டர் டி.ஜேக்கப் ஜானும், விஞ்ஞானி முகுல் தாசும் 2014-ல் வேறு திசையைக் காட்டினார்கள். ரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கிவிடுவதுதான் ஆபத்து என்றார்கள். 2017-ல் வெளியான இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்களின் அறிக்கையும் அதையே சொன்னது.

லிச்சியில், குறிப்பாகக் காயில், ஒரு வகை நச்சுப் பொருள் உண்டு. சாப்பாடு இல்லாத நேரத்தில் உடம்பு தன் சேமிப்பிலிருந்து சர்க்கரை தயாரித்துக்கொள்ளும். அந்த வேலையை இந்தப் பொருள் தடுத்துவிடுகிறது. வயிறார உண்டு படுத்த குழந்தைக்கு இது பெரிய ஆபத்து இல்லை. பகலெல்லாம் தோப்பில் உதிர்ந்த பழத்தையும் காயையும் தின்று, இரவில் சாப்பிடாமல் தூங்கிய மெலிந்த குழந்தையைத்தான் இது வீழ்த்துகிறது.

இரவில் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள் என்று கிராமம் கிராமமாகச் சொன்னார்கள். நோய் குறைந்தது. ஆனால் 2019-ன் கடும் வெயிலில் பீகாரில் மீண்டும் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். வெயிலும் ஊட்டக் குறைவும் சேர்ந்த வினை என்று வாதிடும் மருத்துவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வறுமையே முன்னால் நிற்கிறது.

நமக்கும் ஒரு பாடம்

லிச்சியைக் கண்டு பயப்பட வேண்டாம். நன்கு சிவந்த பழமாகப் பார்த்து வாங்குங்கள். பச்சைக் காயையும் கொட்டையையும் ஒதுக்குங்கள். குழந்தைக்கு வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகவும் கொடுக்காதீர்கள். விடியலில் குழந்தைக்கு வலிப்பு கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உடனே குளுக்கோஸ் ஏற்றினால் பல உயிர்கள் பிழைக்கும்.

ஒரு பழம் மூன்று நாளில் கெட்டுவிடும் என்று ரயிலில் தனிப் பெட்டியே இணைக்கிறோம். அதைப் பறிக்கும் கைகளின் வீட்டில், படுக்கப் போகும் பிள்ளையின் வயிற்றுக்கு ஒரு பிடி சோறு போய்ச் சேரவும் அதே அவசரம் வேண்டாமா?