பழைய ஸ்போர்ட்ஸ் கார் மோகம்: வாங்குற காசு வேறே, வச்சிருக்கிற காசு வேறே!

சென்னை வாலிபர்களை ஒரு மோகம் பிடித்து ஆட்டுகிறது. ஆல்டோ, சான்ட்ரோ, வேகன்-ஆர் என்று நாலைந்து வருஷம் ஓட்டியாகி விட்டது. சம்பளமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. "இனிமே வாங்கினா சீறிக்கிட்டுப் போற வண்டிதான்!" என்று மனசு அடம் பிடிக்கிறது. புது ஸ்போர்ட்ஸ் கார் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே பழசைத் தேடிப் புறப்படுகிறார்கள்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் வீட்டுக்காரி நகையை அடகு வைத்து, கையில் இருந்த கடைசி ரூபாய் வரை புரோக்கரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மாதம் ஒர்க்ஷாப் வாசலில் நிற்பது இருக்கிறதே... அது பரிதாபம்! வண்டி அங்கே, நகை சேட்டு கடையில், ஐயா பஸ்சில்!

அந்தக் கதி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

எது ஸ்போர்ட்ஸ் கார்?

ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, தரையோடு ஒட்டிய உடம்பு. இதுதான் அசல் ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாடுகளில் நடுத்தர வர்க்கத்துக்கு என்றே மஸ்தா கம்பெனி 1989-ல் எம்.எக்ஸ்-5 என்ற குட்டிக் காரைக் கொண்டு வந்தது. அங்கே பழசாக வாங்குபவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் செல்லப்பிள்ளை. ஆனால் அந்தக் கார் நம் நாட்டு ஷோரூமுக்கு வந்ததே இல்லை. கோவாவில் 'சான் ஸ்டார்ம்' என்று ரெண்டு சீட்டுக் கார் ஒன்று செய்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

ஆகவே நம் ஊரில் பட்ஜெட் ஸ்போர்ட்ஸ் கார் என்றால், சாதாரண காருக்குள் முரட்டு என்ஜின் உட்கார்ந்திருக்கும் வண்டிதான். 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. - 105 குதிரை சக்தி. 2015-ல் வந்த அபார்த் புன்டோ - 145. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். - 2017-ல் வந்தது 230!

நம் மண்ணின் மைந்தர்களும் உண்டு. மறைமலை நகரில் பிறந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ். திருவள்ளூரில் பிறந்த மிட்சுபிஷி செடியா. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் டாடாவுடன் சேர்ந்து 2018-ல் கொண்டு வந்த டியாகோ ஜே.டி.பி. - 114 குதிரை சக்தி. அப்புறம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து 2021-ல் வந்த ஐ20 என்-லைன். பட்டியலைப் பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்!

6 லட்சம் கணக்கு

கையில் 6 லட்சம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 6 லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது. நாலே முக்கால் லட்சத்துக்குத்தான் பார்க்க வேண்டும். மீதி ஒன்றே கால் லட்சத்தைத் தனியாக எடுத்து பேங்கில் போட்டுவிட வேண்டும்.

எதற்கு? வாங்கிய மாதமே பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் செலவு வரும். என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் புதிதாக ஊற்ற வேண்டும். பேட்டரி, பிரேக் பேடு பார்க்க வேண்டும். நாலு டயரும் மாற்ற வேண்டி வரலாம். இந்த வண்டிகளின் டயர் அகலம் அதிகம், உயரம் குறைவு. விலையும் சும்மா இல்லை. நம் ரோட்டுப் பள்ளத்தில் ஒரு தடவை 'டமால்' என்று இறங்கினால் அலாய் வீல் வளைந்துவிடும்.

வண்டி பழசானால் விலைதான் இறங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. 25 லட்ச ரூபாய் கார் 6 லட்சத்துக்குக் கிடைத்தாலும், அதன் சாமான் 25 லட்ச ரூபாய் காரின் சாமான்தான்! இதை மறந்தவர்கள்தான் மாட்டிக் கொள்கிறார்கள்.

சாமான் கிடைக்குமா?

மாருதி சாமான் ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். புதுப்பேட்டையிலும் கிடைக்கும். ஆனால் அபார்த் டர்போவுக்கு எங்கே போவது? ஃபியட் கம்பெனி இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டது. மிட்சுபிஷியும் அப்படித்தான். ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக 2021-ல் அறிவித்தது. டியாகோ ஜே.டி.பி.யும் நின்று விட்டது. போலோ 2022-ல் விடைபெற்றது.

அதனால் இந்த வண்டிகளைத் தொடவே கூடாது என்று அர்த்தமில்லை. முதலில் மெக்கானிக்கைப் பிடியுங்கள். அப்புறம் காரைப் பிடியுங்கள்! "இந்த வண்டி உங்களுக்குப் பழக்கமா அண்ணே? சாமான் எத்தனை நாள்ல வரும்?" என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால், அந்த மாடலை மறந்துவிடுங்கள்.

போலோ ஜி.டி.யின் முதல் மாடலில் ரெண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர். பெயர் டி.எஸ்.ஜி. இந்த வகைக் கியரில் வந்த கோளாறுக்காக 2013-ல் சீனாவில் லட்சக்கணக்கான கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. ஆகவே கியர் கண்ட்ரோல் பகுதி மாற்றப்பட்டிருக்கிறதா என்று பில்லைக் கேளுங்கள். டிராபிக்கில் ஊர்ந்து போகும்போது வண்டி உதறினால் வேண்டாம். முதல் தடவை வாங்குபவருக்கு மேனுவல் கியர்தான் நிம்மதி.

மழைத் தண்ணி குடிச்ச வண்டி!

சென்னைக்காரர்கள் இதில் கட்டாயம் உஷாராக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம்; 2023 டிசம்பர் 'மிக்ஜாம்' புயல். அப்போது மூழ்கிய கார்கள் எத்தனை! எல்லாமா காயலான் கடைக்குப் போயின? பாலிஷ் போட்டு மறுபடியும் மார்க்கெட்டுக்கு வந்தவையும் உண்டு. தாழ்வான ஸ்போர்ட்ஸ் வண்டிக்குள் தண்ணீர் சீக்கிரம் புகும்.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். ஸ்டெப்னி டயரைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தில் துருவோ மண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். மிதியடிக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை நாற்றம் அடித்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பானெட்டைத் தொட்டுப் பாருங்க

"சார், டாக்டர் வச்சிருந்த வண்டி! கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடிச்சு!" என்பார் புரோக்கர். சிரித்துக் கொண்டே பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிப் போன என்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். டர்போ வண்டியில் இது பெரிய செலவு.

மீட்டரை நம்பாதீர்கள். மீட்டர் 40 ஆயிரம் காட்டுகிறது. பிரேக் பெடல் ரப்பரோ தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ஸ்டியரிங் பளபளக்கிறது. எது நிஜம்? கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரெக்கார்டு கேளுங்கள். டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர்.

'ரீமேப்' பூதம்

வேகப் பிரியர் ஒருவர் வைத்திருந்த வண்டி என்றால், கம்ப்யூட்டரில் கைவைத்து என்ஜின் சக்தியைக் கூட்டியிருப்பார். இதற்கு 'ரீமேப்' என்று பெயர். கிளட்சும் கியரும் அந்தச் சக்தியைத் தாங்குமா என்பது வேறு விஷயம். சைலன்சரை மாற்றி ஊரையே எழுப்புபவர்களும் உண்டு. வண்டியின் அமைப்பைக் கம்பெனி கொடுத்ததில் இருந்து இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் இதையே காரணம் காட்டி கையை விரிக்கலாம். கைபடாத வண்டியே மேல்.

காகிதம் பேசட்டும்

பேங்க் கடன் தீர்ந்ததா? ஃபாரம் 35-ம் பேங்க் கடிதமும் கேளுங்கள். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. வெளி மாநில வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே மறுபடி பதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் சேர்த்தால் மலிவு காணாமல் போய்விடும்! ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். 2013 மாடல் என்றால் 2028-ல் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டாத அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் 'நோ கிளைம் போனஸ்' உங்களுக்கு வராது.

எங்கே ஓட்டுறது?

இன்னொரு விஷயம். சென்னை நகருக்குள் கார்களுக்கு 60 கிலோமீட்டர்தான் வேகம் என்று 2023 நவம்பரில் போலீசார் நிர்ணயித்தார்கள். குடியிருப்புத் தெருக்களில் 30. 230 குதிரையை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? சோழவரம் பழைய விமானத் தளத்தில் ரேஸ் நடந்த காலம் போய், இன்று இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் இருக்கிறது. வேகத்தை அங்கே காட்டுங்கள். ஈ.சி.ஆரில் காட்டினால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எந்த ஒன்றே கால் லட்சமும் போதாது.

அப்போ எதை வாங்குவது? 230-ஐ விட்டுவிட்டு 110, 120 குதிரை சக்தியில், மேனுவல் கியரில், சர்வீஸ் ஃபைல் முழுசாக உள்ள, யாரும் கைவைக்காத வண்டியை வாங்குங்கள். ஆல்டோவில் இருந்து இறங்கி அதில் ஏறுகிறவருக்கு அதுவே ராக்கெட்! வீட்டு நகையும் வீட்டிலேயே இருக்கும்.