இரு மடங்கு ஆபத்தா? எத்தனை பேருக்கு?

‘இதனால் ஆபத்து இரு மடங்கு’, ‘அதனால் 26 விழுக்காடு அதிகம்’ என்று செய்திகள் வருகின்றன. கேட்டவுடன் சிலர் நடுங்குகிறார்கள்; சிலர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. இரண்டும் தவறு. எதில் 26 விழுக்காடு என்று முதலில் கேட்க வேண்டும்.

பேராக் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பாலில் உலர் ரப்பர் 30 விழுக்காடு என்றால், 10 கிலோ பாலில் 3 கிலோ கிடைக்கும். 25 கிலோ பாலில் ஏழரைக் கிலோ. விழுக்காடு ஒன்றுதான், பாலின் எடைதான் வேறு. நோய்க் கணக்கும் அப்படியே.

1995இல் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகும் என்று எச்சரிக்கை வந்தது. அதாவது 100 விழுக்காடு உயர்வு! பயந்துபோன பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிடப்பட்டது. உண்மையில், 7,000 பேரில் ஒருவருக்கு இருந்த ஆபத்து இருவருக்கு ஆனது. கூடியது ஒருவர்தான்.

இனி நீரிழிவுக்கு வருவோம். தினமும் ஒன்றிரண்டு முறை இனிப்புப் பானம் அருந்துவோருக்கு, அருந்தாதோரைவிட நீரிழிவு ஆபத்து 26 விழுக்காடு அதிகம் என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறியது. 100ஐவிட 26 சிறிதுதானே என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, அருந்தாத 7,000 பேரில் பத்தாண்டுகளில் 700 பேருக்கு நீரிழிவு வரும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் தினமும் அருந்தி, பானமே அந்த உயர்வுக்குக் காரணம் என்றால், 700 என்பது 882 ஆகும். கூடுதலாக 182 குடும்பங்களில் நோயாளி!

மலேசிய இந்தியர்களுக்கு அந்த அடிப்படையே உயரம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. விடியற்காலையில் மரம் மரமாக நடந்து உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர், இன்று ஈப்போவில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார்கள். அடிப்படை உயர்ந்த இடத்தில், அதே 26 விழுக்காடு இன்னும் அதிகம் பேரைப் பிடிக்கும்.

யாருக்கு நோய் வரும் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. எத்தனை பேருக்கு வரலாம் என்பதைச் சொல்லும். ஆகவே, அடிப்படை ஆபத்து எவ்வளவு, அது எத்தனை விழுக்காடு கூடுகிறது, அதனால் கூடுதலாக எத்தனை பேர் என்ற மூன்றையும் கேளுங்கள். பிறகு குளிர்பானப் போத்தலைத் திறப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.