குழாய் வைத்ததோடு முடிவதில்லை

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. அதற்குள் மகனின் டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், காப்பீட்டு அட்டை நகல், மடித்த ரூபாய்த் தாள்கள், ஒரு துண்டு.

"ராத்திரி எந்நேரம்னாலும் இத தூக்கினு ஓடணும் அண்ணா. அந்நேரத்துல தேடினு நிக்க முடியாது" என்கிறார் அந்தத் தாய்.

விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் வசிக்கும் அவருக்கும் கணவருக்கும் கரும்பு வெட்டும் நடவும்தான் பிழைப்பு. மகனுக்கு 7 வயது. ஏழாம் மாதத்திலேயே, 1,200 கிராம் எடையில் பிறந்தவன். அவன் காதுக்குப் பின்னால் சிறு புடைப்பு. அங்கிருந்து கழுத்து வழியாக வயிறு வரை தோலுக்கு அடியில் ஓடுகிறது ஒரு மெல்லிய குழாய். 'ஷண்ட்' என்பது அதன் பெயர்.

நீர் ஏன் கோர்க்கிறது?

மூளைக்குள் இருக்கும் அறைகளில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் ஊறுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குச் சுரக்கும். ஊறும் அளவுக்கு அது ரத்தத்தில் கலந்து வடிந்துவிடும். வடிகால் அடைபட்டால் நீர் தேங்கி மூளையை அழுத்தும். இதைத்தான் மருத்துவர்கள் 'ஹைட்ரோசெபாலஸ்' என்கிறார்கள்.

32 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த அறைகளை ஒட்டிய ரத்தக் குழாய்கள் மிக மென்மையானவை. மூச்சுத் திணறல், ரத்த அழுத்த ஏற்ற இறக்கம் போன்றவற்றால் அவை உடைந்து கசியும். பெரும்பாலும் பிறந்த முதல் 3 நாட்களுக்குள் இது நடக்கிறது. கசிவு சிறிதானால் தானே கரைந்துவிடும். பெரிதானால் ரத்தக் கசடு வடிகாலை அடைக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ தலை வேகமாகப் பெரிதாகத் தொடங்கும்.

"கிரகணத்துல வெளிய போனியா, யார் கண்ணு பட்டுச்சின்னு ஆளாளுக்கு கேட்டாங்க. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு ரொம்ப நாள் அழுதேன்" என்கிறார் தாய். கிரகணமும் காரணமில்லை, கண்ணேறும் காரணமில்லை. அவர் செய்த தப்பும் எதுவுமில்லை.

உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் எடுத்தே இந்தக் கசிவைக் கண்டுவிடலாம். குழந்தை மிகச் சிறிதாக இருந்தால் உடனே ஷண்ட் வைப்பதில்லை. தலைத் தோலுக்கு அடியில் சிறு குமிழ் ஒன்றைப் பொருத்தி, ஊசியால் அவ்வப்போது நீரை எடுப்பார்கள். எடை 2 கிலோவைத் தொட்டு, நீரில் ரத்தம் தெளிந்த பிறகே நிரந்தரக் குழாய். அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்தால் மூடும் வால்வு அதில் இருக்கும். மூளைக்குள் துளையிட்டு நீருக்கு வேறு வழி அமைக்கும் எண்டோஸ்கோப்பி சிகிச்சையும் உண்டு. ஆனால் ரத்தக் கசிவால் நீர் கோர்த்த கைக்குழந்தைகளுக்கு அது பலன் தருவது குறைவு என்பதால் ஷண்ட்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

விலை குறைவு, வேலை குறைவில்லை

"இலவசமா வச்ச குழாய், அதான் அடைச்சிக்கிச்சி" என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னது இன்னும் அவர் மனதில் முள்ளாக இருக்கிறது. இதற்குப் பதில் உண்டு.

1950களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் ஹோல்டர் என்ற தொழிற்சாலைத் தொழிலாளி, தலையில் நீர் கோர்த்த தன் மகனுக்காக ஒரு வால்வை உருவாக்கினார். இன்றைய ஷண்ட்களுக்கு முன்னோடி அதுதான். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் 'சாப்ரா' ஷண்ட் ஏழை நாடுகள் பலவற்றுக்கும் போகிறது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம், சுமார் 35 டாலர் விலையுள்ள இந்த ஷண்டையும் 650 டாலர் விலையுள்ள வெளிநாட்டு ஷண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். 2005-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டுப் பலனில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எந்த விலைக் குழாயும் அடைக்கும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட்களில் ஏறக்குறைய பாதி, 2 ஆண்டுகளுக்குள் பழுதாகி மறு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது என்பது உலகெங்கும் உள்ள அனுபவம். கிருமித் தொற்று பெரும்பாலும் முதல் 6 மாதங்களில் வரும். குழந்தை வளர வளரக் குழாய் நீளம் போதாமலும் போகலாம். எனவே ஷண்ட் வைத்த பிள்ளைக்கு 'குணமாகிவிட்டது' என்று சீட்டை மூடிவைக்க முடியாது. பெரும்பாலோருக்கு இது ஆயுளுக்கும் தொடரும் சிகிச்சை.

அந்த ஒரு இரவு

மகனுக்கு 3 வயதில் ஒரு நாள் காலையிலிருந்து வாந்தி. பக்கத்து ஊர் கிளினிக்கில் 'சாப்பாடு சேரவில்லை' என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். "தலையில டியூப் வச்சிருக்குன்னு சொன்னேன். சீட்டு எங்கன்னாங்க. சீட்டு எங்க அம்மா வீட்டுப் பெட்டியில கெடந்துச்சி" என்கிறார்.

இரவு பிள்ளை கண் திறக்கவில்லை. 108-ஐ அழைத்தார்கள். தார்ச்சாலை ஊர்த்தெருவோடு முடிகிறது. காலனிக்கு வருவது மண்பாதை, அன்று மழைச் சேறு. வண்டி உள்ளே வர முடியாமல் நிற்க, அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலை வரை ஓடினார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து, விடிவதற்குள் அடைபட்ட குழாயை மாற்றினார்கள். பிள்ளை பிழைத்தான். மஞ்சள் பை ஆணியில் ஏறியது அதற்குப் பிறகுதான்.

அடைப்பு என்பது நாள் பார்த்துக் காத்திருக்கும் நோயல்ல. மணிக்கணக்கில் உயிரையோ கண்பார்வையையோ பறித்துவிடலாம். ஒவ்வொரு செக்கப்புக்கும் இரண்டு பேர் கூலியும் பஸ் செலவும் போகிறது. அதனால்தான் பல வீடுகளில் 'நல்லாத்தானே இருக்கான்' என்று செக்கப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். காலனிக்குத் தார்ச்சாலை கேட்டு மனு கொடுக்கும்போது, இந்தப் பிள்ளை போன்றவர்களின் உயிரும் அந்த மனுவில் இருக்கிறது என்பதை அதிகாரிகள் உணர வேண்டும்.

பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம்

இவன் இப்போது இரண்டாம் வகுப்பு. இடது காலை லேசாக இழுத்து நடக்கிறான். படம் வரைவதில் ஆசை. ஷண்ட் வைத்த பிள்ளைகள் ஓடலாம், ஆடலாம். தலையில் பலமாக அடிபடும் விளையாட்டு மட்டும் கூடாது. குறைமாதத்தில் பிறந்ததாலும் மூளையில் ரத்தம் கசிந்ததாலும் சிலருக்குக் கை கால் இறுக்கம், பார்வைக் குறை, கற்றலில் தாமதம் இருக்கலாம். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு சேவை மையத்தில் இயன்முறைச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் கிடைக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது. மறு அறுவை சிகிச்சை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, கர்ப்பிணிகளுக்கு. மாதம் நிறையாமல் வலி எடுத்தால் 'பொய்வலி' என்று வீட்டில் இருக்க வேண்டாம். உரிய நேரத்தில் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்துவதோடு மூளையில் ரத்தக் கசிவையும் குறைக்கிறது. மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராமச் செவிலியரே போடலாம் என்று மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. கேட்டுப் பெறுங்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

கைக்குழந்தை: உச்சிக்குழி புடைத்தல், தலை வேகமாகப் பெரிதாதல், கருவிழி கீழ்நோக்கிச் செருகுதல், பால் குடிக்காமை, தொடர் வாந்தி.

வளர்ந்த பிள்ளை: காலையில் தலைவலி, வாந்தி, தூங்கி வழிதல், பார்வை மங்கல், நடையில் தள்ளாட்டம், திடீரெனப் படிப்பில் பின்தங்குதல்.

இருவருக்கும்: வலிப்பு, காரணம் தெரியாத காய்ச்சல், வயிற்றுவலி, குழாய் ஓடும் வழியில் சிவப்பு அல்லது வீக்கம்.

எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "பிள்ளைக்குத் தலையில் ஷண்ட் இருக்கிறது."

விடைபெறும்போது அந்தத் தாய் பையைக் கழற்றி, பணத்தை எண்ணிப் பார்த்து மறுபடி மாட்டினார். "வேலைக்குப் போறப்ப அத்தைகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். பை எங்க இருக்குன்னு இப்ப இந்தத் தெருவுக்கே தெரியும்" என்றார்.